எண்பத்து மூன்றுக்கு முந்திய பாட்டு

கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இளமையைக் கழித்த ஒருவரிடம் எழுபதுகளின் சினிமாப் பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டுங்கள். படம் எது, இசை யார் என்ற பேச்சு பிறகுதான் வரும். முதலில் வருவது, "இது ராஜா போடுற பாட்டு" என்பதாக இருக்கும். அல்லது "ஹமீதின்ர குரலுக்குப் பிறகு இது வரவேணும்" என்பார். பாடியவரையும் எழுதியவரையும் முந்திக்கொண்டு வானொலி அறிவிப்பாளர் நினைவுக்கு வருகிறார். சென்னையிலோ மதுரையிலோ வளர்ந்த அதே வயதுக்காரருக்கு அந்தப் பாட்டு எம்.ஜி.ஆரையும் சிவாஜியையும் தியேட்டரையும் கொண்டுவரும். கொழும்புக்காரருக்கு அது வானொலியைக் கொண்டுவருகிறது.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. அந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவை தொலைந்துபோகவில்லை. டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடியவை அன்றைய வானொலிப் பெட்டியில் கேட்டதைவிடத் துல்லியமாக இன்று கைத்தொலைபேசியில் கிடைக்கின்றன. ஆனாலும் கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பழைய கொழும்புவாசிகள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வது அந்தத் துல்லியமான பதிவுகளை அல்ல. இரைச்சலோடு பதிவான நிகழ்ச்சித் துண்டுகளை, விளம்பரங்களை, அறிவிப்பாளர் நேரம் சொல்லும் பத்து விநாடிகளைத்தான் அனுப்புகிறார்கள். பாட்டு கைவசம் இருந்தும் ஏக்கம் தீரவில்லை என்றால், ஏங்குவது வேறொன்றுக்காக. அந்த வேறொன்று எது, அதற்கு ஏன் 1983 என்ற எல்லைக்கோடு விழுந்தது என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

இளமையில் கேட்ட பாட்டு ஏன் ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு மேற்குலக ஆய்வுகள் நாற்பது வருடமாகப் பதில் சொல்லிவருகின்றன. அதிகம் எடுத்துக்காட்டப்படுவது மொரிஸ் ஹொல்புறூக், ரொபர்ட் ஷிண்ட்லர் இருவரும் 1989இல் வெளியிட்ட ஆய்வு. இருவரும் சந்தைப்படுத்தல் பேராசிரியர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பழைய பாட்டை யாருக்கு விற்கலாம் என்பதும் அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. 16 முதல் 86 வயது வரையான 108 பேருக்கு, 1932க்கும் 1986க்கும் இடையில் வெளிவந்த 28 பாட்டுகளைப் போட்டுக் காட்டி மதிப்பெண் போடச் சொன்னார்கள். ஏறக்குறைய இருபத்துமூன்றரை வயதில் வெளிவந்த பாட்டுக்கே விருப்பம் உச்சத்தில் இருந்தது. நினைவைப் பற்றி டேவிட் றூபினும் மற்றவர்களும் செய்த ஆய்வுகளும் இதற்கு அருகில்தான் வருகின்றன. வயதானவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைச் சொல்லக் கேட்டால், பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட காலம் மற்றக் காலங்களைவிட மேடாக எழுந்து நிற்கிறது.

இந்த முடிவுகளோடு எனக்குத் தகராறு இல்லை. ஆனால் அவற்றுக்கு அடியில் இரண்டு எடுகோள்கள் கிடக்கின்றன. ஒன்று, பாட்டு வெளிவந்த ஆண்டும் ஒருவர் அதைக் கேட்ட ஆண்டும் ஏறத்தாழ ஒன்றே என்பது. மற்றது, மனிதர் ஒருவரின் வாழ்க்கை பள்ளிக்கூடம், வேலை, கல்யாணம் என்று தன்பாட்டில் ஓடும் என்பது. கொழும்புத் தமிழர் விஷயத்தில் இரண்டும் பொருந்தவில்லை.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். கொழும்பில் வானொலி 1925 டிசம்பரிலேயே தொடங்கிவிட்டது. இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமைக்காக இங்கே நிறுவப்பட்ட வலுவான சிற்றலை ஒலிபரப்பி, போர் முடிந்தபின் இலங்கையின் கைக்கு வந்தது. 1949இல் அது 'ரேடியோ சிலோன்' ஆனது; அடுத்த ஆண்டு வர்த்தக ஒலிபரப்பு தொடங்கிற்று. அப்போது இந்தியாவிலிருந்து எதிர்பாராத உதவி ஒன்று கிடைத்தது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டைத் தரக்குறைவாகக் கருதினார். அகில இந்திய வானொலியில் அதன் இடம் சுருங்கிப் போயிற்று. விட்ட இடத்தைக் கொழும்பு பிடித்துக்கொண்டது. இந்தியில் அமீன் சயானியின் பினாக்கா கீத்மாலா அதே 1952இல் தொடங்கியது. தமிழில் எஸ்.பி. மயில்வாகனனின் குரல் பாக்கு நீரிணையைத் தாண்டிப் புகழ்பெற்றது. 1957இல் இந்தியா விவித் பாரதியைத் தொடங்கியபோது, கடலுக்கு அப்பால் ஒரு தலைமுறையே கொழும்பை நோக்கிக் காதைத் திருப்பி வைத்திருந்தது.

தமிழ்நாட்டுப் பாட்டு கொழும்புக்கு வந்து, கொழும்பிலிருந்து மீண்டும் தமிழ்நாட்டுக்குப் போனது. போகும்போது அதோடு ஒரு அறிவிப்பாளரும் போனார். இசைத்தட்டுகள் நிறைந்த நூலகம், விளம்பரதாரர், குரல்வளமுள்ள சிலர், மூட்டை மூட்டையாக வரும் தபாலட்டைகள் என்று அந்த ஏற்பாடு நான்கு கால்களில் நின்றது. 'நீங்கள் கேட்டவை' போன்ற நிகழ்ச்சிகளில் ஒரு பாட்டுக்கு முன்னால் வாசிக்கப்படும் பெயர்ப் பட்டியலை நினைத்துப் பாருங்கள். மட்டக்களப்பில் ஒருவர், பதுளைத் தோட்டமொன்றில் ஒரு குடும்பம், திருநெல்வேலிக்குப் பக்கத்துக் கிராமத்தில் நாலு நண்பர்கள், வெள்ளவத்தையில் ஒரு மாணவி என்று எல்லாரும் ஒரே மூச்சில் வாசிக்கப்படுவார்கள். தன் பெயர் வருமா என்று காத்திருந்தவருக்குப் பாட்டு இரண்டாம் பட்சம். பெயர் வந்துவிட்டால், அடுத்த நாள் தெருவில் நாலு பேராவது விசாரிப்பார்கள்.

1972இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று பெயர் மாறிய பிறகு வந்த பத்தாண்டைத்தான் பலர் பொற்காலம் என்கிறார்கள். கே.எஸ். ராஜா வேகத்தால் ஆண்டவர். புதுப்பட விளம்பரத்தையே மக்கள் காத்திருந்து கேட்கும் நிகழ்ச்சியாக்கினார். ஓடும் படங்களைப் பற்றி அவர் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டால், கொட்டாஞ்சேனை செல்லமஹாலில் அன்று மாலை வரிசை நீளும் என்பார்கள். பி.எச். அப்துல் ஹமீத் நிதானத்தால் ஆண்டவர். தமிழை அளந்து, ழகரத்தைத் தேய விடாமல் உச்சரித்தார். அவருடைய 'பாட்டுக்குப் பாட்டு' பிறகு தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிக்கும் போனது. ராஜேஸ்வரி சண்முகத்தின் குரலைக் கேட்டு உச்சரிப்புப் பழகிய பிள்ளைகள் அந்தக் காலத்தில் ஏராளம். இவர்கள் புதிய பாட்டை மட்டும் போடவில்லை. ஐம்பதுகளின் ஏ.எம். ராஜாவும் அறுபதுகளின் விஸ்வநாதன் – ராமமூர்த்தியும் 1976இல் 'அன்னக்கிளி'யோடு வந்த இளையராஜாவும் ஒரே நாளில், வெவ்வேறு மணிகளில் ஒலித்தார்கள். ஆகவே 1978இல் பதினைந்து வயதான கொட்டாஞ்சேனைப் பையனின் 'இளமைக்காலப் பாட்டு', அவன் பிறப்பதற்குப் பத்து வருடம் முந்தியதாகவும் இருக்கலாம்.

மேற்கிலும் இதற்கு ஒப்பான ஒன்றைக் கண்டிருக்கிறார்கள். கரோல் கிறம்ஹான்சலும் ஜஸ்ரின் சுப்னிக்கும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், இருபது வயது மாணவர்களுக்குத் தங்கள் காலத்துப் பாட்டோடு எண்பதுகளின் தொடக்கத்துப் பாட்டும் அறுபதுகளின் பாட்டும் நெருக்கமாக இருந்தன. முதலாவது பெற்றோரிடமிருந்தும் இரண்டாவது அநேகமாகப் பாட்டன் பாட்டியிடமிருந்தும் வந்ததாக அவர்கள் விளக்கினார்கள். கொழும்பில் அந்தக் கைமாற்றத்தை வீட்டுக்காரர் செய்யவில்லை. வானொலி நிலையம் செய்தது. அதனால்தான் ஒரு பாட்டை நினைக்கும்போது அப்பாவின் முகத்துக்கு முன்னால் அறிவிப்பாளரின் குரல் வந்து நிற்கிறது.

கேட்ட விதமும் இரண்டு இடங்களில் இரண்டு மாதிரி. கொட்டாஞ்சேனை, கொழும்பு 13, துறைமுகத்தை ஒட்டிய நெருக்கமான பகுதி. ஜம்பட்டா வீதி, புளூமெண்டால் வீதிப் பக்கத்துத் தோட்டங்களில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர். ஒரு வீட்டில் வானொலி இருந்தால் ஐந்து வீட்டுக்குப் போதும்; இரண்டு வீட்டில் இருந்தால் இரண்டும் ஒரே நிலையத்தில்தான் இருக்கும். தேநீர்க் கடையிலும் முடிதிருத்தும் கடையிலும் அதே பாட்டு தொடரும். சாந்த லூசியா பேராலயத்துக்குப் போகிற வழியில் நடந்துகொண்டே ஒரு பாட்டை முழுதாகக் கேட்டுவிடலாம். சிங்களமும் தமிழும் புழங்கும் தெருக்கள் அவை. பக்கத்து வீட்டுச் சிங்கள அக்காவுக்கும் தமிழ்ப் பாட்டு பாடம். வெள்ளவத்தை, கொழும்பு 6, வேறு ரகம். வடக்கிலிருந்து வந்த அரசாங்க எழுதுவினைஞர்கள் அறைகளில் தங்கியிருந்த 'போர்டிங்' வாழ்க்கை அங்கே இருந்தது. மனைவி பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில்; இவர் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் ஒரு லேனில். ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்தில் அந்த அறைகளில் இருந்த ஒரே பெண் குரல் வானொலியிலிருந்து வந்ததாகத்தான் இருந்திருக்கும். இன்று அந்தத் தலைமுறையின் பிள்ளைகள், "அப்பா விருப்பமாகக் கேட்ட பாட்டு" என்று ஒன்றைச் சொல்லும்போது, அப்பா அதைத் தங்களோடிருந்து கேட்டதில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

இதுவரை பேசியது மதராஸிலிருந்து வந்த பாட்டு. இரவல் இல்லாத ஒரு பாட்டும் இருந்தது. அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். போர்த்துக்கேயர் காலத்திலிருந்து பறங்கியரிடமும் ஆபிரிக்க வழிவந்த காப்பிரியரிடமும் வழங்கிய ஆட்டப்பாட்டு மரபிலிருந்து வந்தது பைலா. பொலிஸ்காரரான வொலி பஸ்தியான் அதைச் சிங்கள மேடைக்குக் கொண்டுவந்தார். 1966இல் கிளாறன்ஸ் விஜேவர்தனவும் அனெஸ்லி மாலேவனவும் 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவோடு சிங்களப் பொப்பிசையைத் தொடங்கிவைத்தார்கள். அதே அலையில் தமிழும் எழுந்தது. உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' கிட்டாரோடும் பேச்சுத் தமிழோடும் வந்தது. ஏ.ஈ. மனோகரன் பைலா அடியில் 'சுராங்கனி'யைப் பாடித் தீவு முழுவதையும் ஆடவைத்தார். எஸ். இராமச்சந்திரன், ஸ்ரான்லி சிவானந்தன், அமுதன் அண்ணாமலை என்று இன்னும் பலர். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலம். உள்ளூரில் எது செய்தாலும் அதற்கு ஒரு மதிப்பும் தேவையும் இருந்தன. பொப்பிசை நிகழ்ச்சி என்றால் மண்டபம் நிரம்பியது.

பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். கர்நாடக இசையும் பண்ணிசையும் கற்ற சமூகத்தில் இடுப்பை அசைத்துப் பாடுவது கௌரவக் குறைவாகப்பட்டது. உண்மையைச் சொன்னால், பல பாட்டுகளில் சொல் மெலிந்ததுதான். ஐந்தாறு மெட்டுகளே சுற்றிச் சுற்றி வருகின்றன. ஆனால் சினிமாப் பாட்டுக் கொடுக்காத ஒன்றை அவை கொடுத்தன. மாமி, மச்சாள், கள்ளுக்கடை, கிடுகுவேலி என்று கேட்பவரின் தெருவே பாட்டில் இருந்தது. நாங்கள் பேசுவதுபோலவே ஒருவர் மேடையில் பாடலாம், அதற்குக் கைதட்டுவார்கள் என்பது அந்த வயதுப் பிள்ளைகளுக்குப் புதுச் செய்தி. 'சுராங்கனி' 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படம் வழியாக இளையராஜாவின் இசையில் தமிழ்நாட்டுக்கும் போனது. ஒருவழிப் பாதையாகவே இருந்த கடலில் எதிர்த்திசையில் போன சில பாட்டுகளில் அது ஒன்று. சென்னையிலேயே தங்கி 'சிலோன் மனோகர்' என்று சினிமாவில் வில்லனாக நடித்த மனோகரன் 2018 ஜனவரியில் அங்கேயே காலமானார். நித்தி கனகரத்தினம் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார்.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் கசெட் ரெக்கோடர் வந்தது. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர் திரும்பும்போது தோளில் சுமந்து வந்தது அதைத்தான். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் 'ரெக்கோடிங் பார்'கள் முளைத்தன. வெறும் கசெட்டையும் ஒரு தாளில் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு வந்தால் சில நாளில் பதிந்து தருவார்கள். அறுபது நிமிடக் கசெட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். நாலு நிமிடப் பாட்டென்றால் ஏழு பாட்டு முழுதாக, எட்டாவது பாட்டுப் பாதியில் அறுந்து போகும். அந்த ஒழுங்கு மூளையில் அப்படியே பதிந்துவிட்டது. இன்று எங்காவது அந்தப் பாட்டு முடிந்தால் காது தானாகவே கசெட்டில் இருந்த அடுத்த பாட்டின் தொடக்கத்தை எதிர்பார்க்கிறது. அறுந்த இடம் வந்தால், முழுப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தாலும், ஒரு கணம் நின்றுவிடும்போல் இருக்கிறது. எந்தப் படத்திலும் எந்த இசைத்தட்டிலும் இல்லாத அந்த வரிசை ஒரே ஒரு கசெட்டில், ஒரே ஒரு வீட்டில் இருந்தது.

1983 ஜூலையில் அந்த வீடுகள் எரிந்தன. பொரளையில் 24ஆம் திகதி இரவு தொடங்கிய தமிழருக்கு எதிரான கலவரம் அடுத்த நாள் வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் பிடித்தது. காலி வீதியில் தமிழர் கடைகள் எரிந்தன. குடும்பங்கள் பள்ளிக்கூடங்களிலும் கோயில்களிலும் ஒதுங்கின. பிறகு கப்பலில் வடக்கே போயினர். அங்கிருந்து பலர் வெளிநாடு போயினர். உயிரும் வீடும் போன கணக்கில் யாரும் கசெட்டை எழுதுவதில்லை. ஆனால் பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால், "எல்லாம் எண்பத்து மூண்டோட போச்சு" என்ற வசனம் தானாக வருகிறது.

மேற்சொன்ன இரண்டாவது எடுகோள் உடைகிற இடம் இது. நோர்மன் பிறவுணும் அவரோடு சேர்ந்தவர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், சரஜேவோவில் போரைப் பார்த்தவர்கள் தங்கள் சொந்த வாழ்க்கைச் சம்பவங்களுக்கே போரை வைத்துத்தான் காலம் குறிக்கிறார்கள் என்று கண்டார்கள்: போருக்கு முன், போரின்போது, போருக்குப் பின். பெரும் நிகழ்வுகள் அன்றாட வாழ்க்கையின் தரையையே மாற்றிவிடாத ஊர்களில் இப்படி நடக்கவில்லை. ரொபர்ட் ஷ்ராஃபும் றூபினும் 1998இல் செய்த ஆய்வு இன்னொன்றைச் சொல்கிறது. முப்பதைத் தாண்டிக் குடிபெயர்ந்தவர்களிடம் அந்த நினைவு மேடு வழக்கமான வயதில் நிற்காமல் குடிபெயர்ந்த வயதை நோக்கி நகர்ந்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கொழும்புத் தமிழரின் விஷயம் விளங்குகிறது. 1983இல் பதினைந்து வயதானவரும் முப்பத்தைந்து வயதானவரும் ஏங்குவது ஏறக்குறைய ஒரே பாட்டுப் பட்டியலுக்கு. ஹொல்புறூக் கணக்குப்படி அவர்களுக்கிடையில் இருபது வருட வித்தியாசம் இருக்க வேண்டும். அதை ஒரு வாரக் கலவரம் அழித்துவிட்டது.

இதே விதி அடுத்த தலைமுறைக்கும் பொருந்துகிறது. 1990க்குப் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்துப் பாட்டுக் கேட்டார்கள். சுற்றுபவர் களைத்தால் பாட்டும் களைக்கும். சுருதி இறங்கி, குரல் தடித்து, மீண்டும் வேகம் பிடிக்கும். ரஹ்மானின் முதல் பாட்டுகளைப் பலர் அப்படித்தான் அறிந்தார்கள். 1995 இடப்பெயர்வுக்குப் பின் அவர்களில் ஒரு பகுதியினர் வெள்ளவத்தை லொட்ஜுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்து, பொலிஸ் பதிவுக்கும் வெளிநாட்டு விசாவுக்கும் காத்திருந்தார்கள். 1998இல் சூரியன், சக்தி என்ற தனியார் எப்.எம். வானொலிகள் தொடங்கின. அந்த அறைகளில் இரவு முழுக்க ஓடிய எப்.எம். நிகழ்ச்சிகளுக்காக ஏங்கும் நாற்பது வயதுக்காரர்கள் இன்று ஒஸ்லோவிலும் பாரிஸிலும் இருக்கிறார்கள். கே.எஸ். ராஜாவை அவர்கள் கேட்டதே இல்லை.

ஏக்கத்துக்கு ஒரு குணம் உண்டு. தனக்கு வேண்டாததை அது விட்டுவிடும். மயில்வாகனனின் குரல் உச்சத்தில் இருந்த அதே ஆண்டுகளில்தான் 1956இன் தனிச்சிங்களச் சட்டம் வந்தது, 1958 கலவரம் நடந்தது. 'பொற்கால' வானொலி அரசாங்கத்தின் வானொலி. செய்திநேரத்தில் அது என்ன சொன்னது, என்ன சொல்லாமல் விட்டது என்பதை அன்றைய நேயர்கள் நன்றாகவே அறிவார்கள். இன்று அனுப்பப்படும் துண்டுகளில் செய்தி இருப்பதில்லை. எல்லாராலும் கொண்டாடப்பட்ட கே.எஸ். ராஜா 1989இல் கொழும்பில் கொல்லப்பட்டார். அவருடைய குரலைப் பகிர்கிறவர்கள் அந்த முடிவை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மதராஸ் பாட்டுக்கு அள்ளிக் கொடுத்த நேரத்தில் ஒரு பங்கையாவது உள்ளூர்ப் பாடகர்களுக்கும் மெல்லிசைக்கும் கொடுத்திருந்தால், நாம் நினைத்து ஏங்க நமக்கென்று இன்னும் கொஞ்சம் இருந்திருக்கும். ரேடியோ சிலோனின் புகழ் தமிழ்நாட்டில் பரவியதற்கு ஈழத்துக் கலைஞர்கள் கொடுத்த விலை அது என்பது என் கருத்து.

ஆகவே பாதுகாப்பு என்ற பேச்சை எடுத்தால் முதலில் எதைக் காக்க வேண்டும் என்பதில் குழப்பம் வேண்டாம். சௌந்தரராஜனை யாரும் காப்பாற்றத் தேவையில்லை; அவருடைய குரல் ஆயிரம் இடத்தில் இருக்கிறது. மெல்லிசைப் பதிவுகள், பொப்பிசை மேடை ஒலிப்பதிவுகள், வானொலி நிகழ்ச்சிகளை வீட்டில் பதிந்த கசெட்டுகள், விளம்பரங்கள், நேயர் பெயர்ப் பட்டியல்கள் ஆகியவற்றுக்குத்தான் வேறு பிரதி இல்லை. காந்த நாடா கொழும்பின் கடற்காற்றில் அதிக காலம் தாங்காது. பூஞ்சணம் பிடித்து ஒட்டிக்கொண்டால் ஒருமுறை ஓட்டினாலே அறுந்துவிடலாம். 2005 முதல் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனம் ஒலிப்பதிவுகளையும் சேகரிக்கிறது.

இதை வாசிப்பவர் வீட்டு அலுமாரியில் அப்படி ஒரு கசெட் இருக்குமானால், அதை ஓட்டிப் பார்க்க முயல வேண்டாம். மேலட்டையில் எழுதியிருப்பதைப் படம் எடுங்கள். யார், எங்கே, ஏறக்குறைய எந்த ஆண்டில் பதிந்தது என்று நினைவுள்ளவர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். பிறகு அதை எண்ணிமமாக்கத் தெரிந்தவர்களின் கையில் கொடுங்கள். பாட்டுகளுக்கு நடுவில் வரும் பேச்சை மட்டும் வெட்ட விடாதீர்கள்.